பால்வினை நோய்ச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் உடலுறவு: எப்போது, எவ்வாறு?

பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: இனி எப்போது உடலுறவு கொள்ளலாம்? கூச்சத்தால் கேட்காமல், எரிச்சலும் கசிவும் நின்ற நாளையே நோய் நீங்கிய நாளாகப் பலர் கொள்கின்றனர். இது சரியன்று. அறிகுறிகள் இரண்டு மூன்று நாட்களில் மறையலாம். கிருமிகள் முற்றிலும் அழிய மேலும் சில நாட்கள் ஆகும். மேலும், நாட்களை உங்கள் சிகிச்சையிலிருந்து மட்டும் எண்ணக் கூடாது. உங்கள் இருவருள் யார் கடைசியாகச் சிகிச்சை பெற்றாரோ, அவருடைய சிகிச்சையிலிருந்தே எண்ண வேண்டும்.

ஏழு நாட்களை எண்ணுவது எப்படி?

கிளமிடியா, வெட்டை நோய் எனப்படும் கொனோரியா ஆகிய இரண்டும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் குணமாகக்கூடியவை. ஒரே வேளை மாத்திரையோ ஊசியோ பெற்றிருந்தால், அதன் பின் 7 நாட்கள் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். 7 நாட்களுக்கான மாத்திரைகள் தரப்பட்டிருந்தால், கடைசி மாத்திரை வரை உட்கொண்டு, அறிகுறிகளும் நீங்கிய பின்னரே உறவைத் தொடங்கலாம். வாய்வழி உறவுக்கும் ஆசனவாய்வழி உறவுக்கும் இது பொருந்தும். இந்நாட்களில் ஆணுறை அணிந்தும் உறவு கொள்ள வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, கணவர் திங்கட்கிழமை ஒரே வேளை மருந்து பெறுகிறார். மனைவி அதே மருந்தை அவ்வார வெள்ளிக்கிழமை பெறுகிறார் எனில், இருவருக்கும் 7 நாட்கள் வெள்ளியிலிருந்தே தொடங்கும். இடையில் ஒருமுறை உறவு கொண்டாலும் கணவருக்கு மீண்டும் நோய் தொற்றலாம். ஒருமுறை வந்து குணமானதால் உடலில் எதிர்ப்பாற்றல் உண்டாகிவிடுவதில்லை. "மருந்து வேலை செய்யவில்லை" என்று திரும்பி வருவோருள் பலருக்கு, சிகிச்சை பெறாத துணையிடமிருந்து நோய் மீண்டும் தொற்றியிருக்கும். விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒருவர், தாம் பணிபுரியும் ஊரில் மருந்தை முடித்துவிட்டாலும், வீட்டிலுள்ள துணைக்குச் சிகிச்சை முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

துணைக்கு அறிகுறி இல்லையே?

கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய்களைப் பாதித்துக் குழந்தைப்பேற்றுக்கே தடையாகலாம். ஆகவே, அறிகுறி தோன்றுவதற்கு முந்தைய 60 நாட்களில் உங்களுடன் உறவு கொண்ட அனைவரும் பரிசோதனையும் சிகிச்சையும் பெறுவது அவசியம்.

உங்களுக்குத் தரப்பட்ட மாத்திரைகளைத் துணையுடன் பாதியாகப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். இருவருக்குமே மருந்து போதாமல் போகும். துணை கருவுற்றிருந்தாலோ ஒவ்வாமை உள்ளவராக இருந்தாலோ அம்மருந்து அவருக்கு ஏற்றதாகவும் இராது.

துணையிடம் சொல்வது எளிதன்று என்பதை அறிவோம். நோய் அறிகுறியின்றிப் பல மாதங்கள் உடலில் தங்கியிருக்கக்கூடும். எனவே, யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதைப் பரிசோதனை முடிவைக் கொண்டு கூற இயலாது. யார் மீது தவறு என்ற வாக்குவாதத்தைச் சிகிச்சைக்கு முன் வைக்காதீர்கள். சொன்னால் வன்முறை நேரும் என்று அஞ்சினால், முதலில் மருத்துவமனை ஆலோசகரிடம் தெரிவியுங்கள். உங்கள் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும்.

சிபிலிஸ் நோய்க்குக் கணக்கு வேறு

சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தின்றியும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் நோய் உடலினுள் தொடரும். எனவே, பென்சிலின் ஊசி பெறாமல் ஆறிய புண்ணை நம்ப வேண்டாம். சிலருக்கு ஒரே முறையும், நோய் நாட்பட்டவர்களுக்கு வாரம் ஒன்றாக மூன்று முறையும் ஊசி போடப்படும். அனைத்து ஊசிகளும் முடிந்து, புண்ணும் தடிப்பும் முழுவதும் ஆறி, மருத்துவர் அனுமதித்த பின்னரே உறவு கொள்ளலாம்.

ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் குளிரும் உடல்வலியும் வரக்கூடும். கிருமிகள் அழிவதால் நேரும் இது ஒரு நாளில் தணியும். ஆனால் கருவுற்ற பெண்ணுக்குக் காய்ச்சலுடன் வயிற்றுவலியோ குழந்தையின் அசைவில் குறைவோ ஏற்பட்டாலும், எவருக்கேனும் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குணமானதை அறிய 6, 12 மாதங்களில் இரத்தப் பரிசோதனை செய்யப்படும். குணமான பின்னும் ஒருவகைப் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் நோய் இருப்பதாகவே காட்டக்கூடும். அதனால் கலங்க வேண்டாம். கருவுற்ற பெண்ணுக்குச் சிபிலிஸ் இருந்தால் கருச்சிதைவோ குழந்தை இறந்து பிறப்பதோ நேரலாம் என்பதால், இருவரின் சிகிச்சையையும் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

ஹெர்ப்பிஸ் முற்றிலும் நீங்குவதில்லை. கொப்புளமோ அதற்கு முன்வரும் குறுகுறுப்போ இருக்கும் நாட்களில் உறவைத் தவிர்க்க வேண்டும். பிற நாட்களிலும் அது பரவக்கூடும் என்பதைத் துணை அறிந்திருப்பது நல்லது.

மீண்டும் தொடங்கும்போது

ஆணுறையை ஒவ்வொரு முறையும், உறவின் தொடக்கத்திலிருந்தே அணியுங்கள். தேங்காய் எண்ணெயோ பிற எண்ணெய்களோ இரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். நீர் சார்ந்த வழுவழுப்புக் களிம்பே ஏற்றது. ஹெர்ப்பிஸ், மரு ஆகியவை ஆணுறை மூடாத தோலிலிருந்தும் பரவும்.

கிளமிடியா, கொனோரியா இரண்டுக்கும் 3 மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருத்துவர் கூறாமல் 4 வாரங்களுக்குள் பரிசோதித்தால், இறந்த கிருமிகளின் எச்சத்தால் முடிவு தவறாக வரக்கூடும். எச்.ஐ.வி. பரிசோதனையை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

சிகிச்சை முடிந்தும் சீழ் அல்லது எரிச்சல் தொடர்ந்தாலோ, விரையில் வீக்கமும் வலியும் அல்லது காய்ச்சலுடன் அடிவயிற்று வலியும் தோன்றினாலோ, 7 நாட்கள் கடந்திருப்பினும் உறவைத் தவிர்த்து உடனே மருத்துவரை அணுகவும். எச்.ஐ.வி., பால்வினை நோய்கள் பற்றிய ஐயங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.