தாம்பரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் - 1938

தாம்பரம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மின்சார ரயில், ஜி.எஸ்.டி. ரோடு, விமானப்படைத் தளம், காடு போல மரங்கள் நிற்கும் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்... ஆனால் உலகத்தில் எங்கோ இருக்கும் இறையியல் மாணவர்களிடம் தாம்பரம் என்று சொன்னால் அவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு வருடம். 1938!

அந்த வருடம் டிசம்பர் 12 முதல் 29 வரை சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு இங்கேதான் நடந்தது. சுமார் 70 நாடுகளில் இருந்து 471 பேர் வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் மாநாட்டின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. 471 பேரில் பெரும்பாலோர் அந்தப் பண்டிகையைச் சொந்த ஊரையும் குடும்பத்தையும் விட்டு வெகு தொலைவில் கொண்டாடினார்கள்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? இந்த மாநாடு முதலில் தாம்பரத்தில் நடப்பதாகவே இல்லை.

ஹாங்சோவில் நடக்க வேண்டியது

முதலில் முடிவு செய்யப்பட்ட இடம் சீனாவின் ஹாங்சோ நகரம். 1937 ஜூலையில் ஜப்பான் சீனா மீது முழு அளவில் போர் தொடுத்தது. டிசம்பர் 13 அன்று தலைநகர் நான்ஜிங் விழுந்தது. அடுத்த பதினோராம் நாள் ஹாங்சோவும் ஜப்பானியர் கைக்குப் போனது. தேதியைக் கவனியுங்கள், டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்!

அதே நாளில் நான்ஜிங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே ஜின்லிங் மகளிர் கல்லூரி என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் வூ யிஃபாங் என்ற சீனப் பெண்மணி. போர் நெருங்கியதும் கல்லூரி உள்நாட்டுக்கு இடம் மாறியது, அவரும் போக வேண்டியதாயிற்று. வளாகத்தைக் காக்க அங்கேயே தங்கியவர் மின்னி வாட்ரின் என்ற அமெரிக்க மிஷனரி. 1912ல் சீனாவுக்கு வந்தவர். ஊரில் கொலையும் கொள்ளையும் பாலியல் வன்முறையும் நடந்துகொண்டிருக்க, பெண்களும் குழந்தைகளும் இந்த வளாகத்துக்குள் ஓடி வந்தார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 10,000 பேர்! படுக்க இடமில்லாமல் தாழ்வாரங்களிலும் மாடிப்படிகளிலும்கூட ஆட்கள்.

டிசம்பர் 24 அன்று ஜப்பானிய ராணுவ அதிகாரி ஒருவர் வந்து, அகதிகளுக்குள் இருக்கும் 100 பாலியல் தொழிலாளிகள் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கொடுத்தால் மற்ற பெண்களைச் சிப்பாய்கள் தொட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மற்ற பெண்கள் யாரையும் பிடிக்கக் கூடாது என்ற வாக்குறுதியின் பேரில் வாட்ரின் சம்மதித்தார். 21 பேர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். இதை அவரே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சூழ்நிலையிலும் வளாகத்துக்குள் கிறிஸ்துமஸ் வழிபாடு நடந்தது.

10,000 பேரைக் காப்பாற்றியவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் மனதிலோ காப்பாற்ற முடியாமல் போனவர்கள்தான் தங்கிவிட்டார்கள். மனம் உடைந்து 1940ல் அமெரிக்கா திரும்பிய அவர், 1941ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

புத்தம் புதிய தாம்பரம்

ஹாங்சோ போனதும் தேர்வான இடம்தான் தாம்பரம். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியின் நெரிசலில் இருந்து இங்கே குடிபெயர்ந்தது 1937ல். மாநாட்டின்போது இந்த வளாகத்துக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று விடுதிகளுடன் அமைந்த வளாகம். கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931லேயே வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான வெளிநாட்டவரை ஒரே இடத்தில் கூட்ட ஏற்ற இடம்தான்.

மாநாட்டுக்குத் தலைமை அமெரிக்கரான ஜான் மோட். வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இருந்து ஆல்பர்ட் லுதுலி. பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவராகி, 1960க்கான அமைதி நோபல் பரிசு பெற்றவர். ஜாவாவில் மிஷனரியாக இருந்த டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர். அவருடைய கருத்துகளுக்கு மறுப்புச் சொன்னவர்களில் ஒருவர் இதே கல்லூரியில் பல்லாண்டு காலம் பணியாற்றிய ஏ.ஜி. ஹாக்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் முக்கியமானவர். வெள்ளாளன்விளையில் பிறந்து, இதே கல்லூரியின் பழைய வளாகத்தில் படித்து, 1912ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆன வி.எஸ். அசரியா. 1910ல் எடின்பரோவில் நடந்த மாநாட்டில், மிஷனரிகள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்கிறார்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்துவதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர் அவர். அந்த எடின்பரோ கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் இருந்தார்கள், ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. தாம்பரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். 28 வருடத்தில் எவ்வளவு பெரிய மாற்றம் பாருங்கள்!

எதிரிகள் ஒரே வளாகத்தில்

சீனக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் யார் தெரியுமா? ஜின்லிங் கல்லூரியின் அதே வூ யிஃபாங்! ஜப்பானில் இருந்து வந்தவர்களில் ஒருவர் டொயோஹிகோ ககாவா. கோபே நகரின் சேரியில் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தவர்.

நினைத்துப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு முன் எந்த நாட்டு ராணுவம் தன் கல்லூரி வாசலில் வந்து நின்றதோ, அந்த நாட்டுக்காரர்களோடு ஒரே வளாகத்தில் தங்க வேண்டும், ஒரே கூட்டத்தில் உட்கார வேண்டும், கிறிஸ்துமஸையும் கொண்டாட வேண்டும். "பூமியிலே சமாதானம்" என்று வருடா வருடம் சொல்லும் வார்த்தை அந்த வருடம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும்! வெளியே மார்கழிப் பனி, வீட்டு வாசல்களில் கோலம். உள்ளே இருந்தவர்களில் பலருடைய நாடுகளில் போர், அல்லது போருக்கான ஆயத்தம்.

மாநாட்டால் போரை நிறுத்த முடிந்ததா? இல்லை. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவிலும் போர் வெடித்தது. இந்தியாவில் பணியாற்றிய ஜெர்மன் மிஷனரிகள் பலரை ஆங்கிலேய அரசு முகாம்களில் அடைத்தது. சீனாவில் போர் 1945 வரை ஓயவில்லை.

அப்படியென்றால் தாம்பரம் வீணா? அப்படிச் சொல்லிவிட முடியாது. "மிஷனரி" என்றால் மேற்கில் இருந்து கொடுக்க வருபவர், மற்றவர்கள் வாங்கிக்கொள்பவர்கள் என்ற எண்ணம் இங்கே ஆட்டம் கண்டது. வூ யிஃபாங் 1945ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட நான்கு பெண்களில் ஒருவர் ஆனார். மாநாட்டின் பொன்விழாவை ஒட்டி 1988ல் இதே தாம்பரத்தில் மீண்டும் ஒரு சர்வதேசக் கூட்டம் நடந்தது.

அடுத்த முறை மின்சார ரயிலில் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கும்போது கிழக்குப் பக்கம் தெரியும் அந்த மரங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு கிறிஸ்துமஸ் நாளில், சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு நாட்டு மக்கள் அங்கே ஒன்றாக இருந்தார்கள்.