சக்கிமுக்கியும் செம்புத் தொப்பியும்

அரபு மொழியில் 'பாரூத்' என்னும் சொல் இன்று வெடிமருந்தைக் குறிக்கின்றது. ஆனால் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூலிகை நூலறிஞர் இப்னுல் பைத்தார் அச்சொல்லை வெடியுப்பு ஒன்றுக்கே வழங்கினார். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கலவையை அக்காலப் போர்க்கலை நூலார் 'தவா' என்றெழுதினர்; தவா என்றால் மருந்து. நாமும் மருந்து என்றுதானே சொல்கிறோம்! துப்பாக்கி என்னும் சொல்லோ துருக்கியர் நாவிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

படைக்கலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேரும் கலையும் புதியதன்று. அப்பாஸியக் கலீஃபா முஃதஸிமுக்காக அல்கிந்தி எழுதிய வாள்களைப் பற்றிய நூலில் யமன் நாட்டு வாள், இந்திய வாள், ஸரந்தீப் வாள் என வகை பிரித்து, எஃகின் தன்மை ஆராயப்பட்டுள்ளது. அவ்வழி வந்த ஒரு சோதனையையும், அதன் முடிவை அறிந்திருந்தும் காலந்தாழ்த்தியதால் நம் நாட்டுச் சிப்பாய்கள் பட்ட பாட்டையுமே இங்குக் கூற விழைகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் படைகள் ஏந்தியவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். துப்பாக்கியின் குதிரை அதன் வாயில் ஒரு சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்ததும் அக்கல் ஓர் எஃகுத் தகட்டில் உரசும். தெறிக்கும் பொறி, கீழே சிறு கிண்ணியில் இட்டிருக்கும் மருந்தைப் பற்றும்; அத்தீ ஒரு நுண்துளை வழியே குழலுக்குள் புகுந்து உள்ளிருக்கும் மருந்தை வெடிக்கச் செய்யும். இத்தனை படிகளில் ஒன்று தவறினாலும் குண்டு புறப்படாது. கல் தேய்ந்தால் பொறியில்லை. துளை அடைபட்டால் தீ உள்ளே செல்லாது. மழை பெய்தால் கிண்ணி மருந்து சேறாகிவிடும்.

இக்குறையை நீக்க வழி கண்டவர் படைத்தலைவர் எவருமல்லர். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் சிற்றூரில் கிறிஸ்தவக் குருவாக இருந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் ஆவார். நீர்ப்பறவைகளை வேட்டையாடுவதில் விருப்பமுடைய அவர், கிண்ணியில் தீ பளிச்சிட்டவுடனே பறவைகள் நீரில் மூழ்கித் தப்புவதைக் கண்டார். பொறிக்குப் பதிலாக, அடித்தால் வெடிக்கும் உப்பைப் பயன்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. லண்டன் கோபுரக் கோட்டையில் அவருக்கு ஆய்வுக்கென இடமும் அளிக்கப்பட்டது. ஆனால் படைக்கலத் துறையின் தலைவர் மாறியதும், புதியவர் அவருடைய 'குப்பைகளை' எடுத்துக்கொண்டு போகும்படி சொல்லிவிட்டார். 1807இல் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்த பலர் அதைச் செம்மைப்படுத்தினர். பாதரசத்திலிருந்து செய்யும் வெடியுப்பைச் சிறு செம்புத் தொப்பிக்குள் வைத்து, குழலின் அடியிலுள்ள காம்பில் மாட்டிவிட்டால் போதும். குதிரை அடித்தவுடன் தீ நேரே உள்ளே பாயும். மழையும் காற்றும் அதை எளிதில் அணுகா.

பிரிட்டிஷ் அரசு இதைச் சோதித்துப் பார்க்க 1834 வரை காலம் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு தேம்ஸ் நதிக்கரையிலுள்ள உல்விச் படைக்கலச் சாலையில் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் ஆறும், செம்புத் தொப்பித் துப்பாக்கிகள் ஆறும் எடுக்கப்பட்டன. வகைக்கு 6,000 முறை, வெயில் மழை பாராது சுட்டார்கள். சக்கிமுக்கி 922 முறை வெடிக்கத் தவறியது. செம்புத் தொப்பி தவறியதோ 36 முறையே. அஃதாவது முன்னது ஏறத்தாழ ஆறரைக்கு ஒரு முறை பொய்த்தது. பின்னது நூற்றறுபத்தாறுக்கு ஒரு முறை. குறியும் செம்மையாக அமைந்தது. மருந்தின் அளவையும் ஆறு டிராமிலிருந்து நாலரையாகக் குறைக்க முடிந்தது. குழலில் மாற்றமில்லை, குண்டில் மாற்றமில்லை. மாறியது தீமூட்டும் உறுப்பு ஒன்றே!

இவ்வளவு தெளிவான கணக்கு கையிலிருந்தும் மாற்றம் மெல்லவே வந்தது. நெப்போலியன் போர்களுக்காகச் செய்து குவித்த பழைய துப்பாக்கிகள் கிடங்குகளை நிறைத்திருந்தன. புதியவை கிடைத்தபோதும் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வரிசையின் கடைசியிலேயே நின்றனர்.

1841இல் அபினி வாணிபத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்த போரில் சீனத்தில் இருந்த படைகளுள் சென்னை ராணுவத்தின் 37ஆம் காலாட்படையும் ஒன்று. சென்னைப் படைகளில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்தே பணியாற்றினர். மே 30ஆம் நாள் கான்டன் நகருக்கு வெளியே, சான்யுவான்லி என்னும் ஊர்ப்பக்கத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்தார் ஈட்டிகளோடு திரண்டனர். அந்நேரம் இடியும் பெருமழையும் சூழ்ந்தன. சுமார் அறுபது சிப்பாய்கள் கொண்ட ஒரு கம்பெனி நெல்வயல்களுக்கிடையே வழி தவறித் தனித்துவிட்டது. விசையை இழுத்தார்கள், ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சதுரமாக அணிவகுத்துச் சனியன்களை நீட்டி நின்றனர். சிலர் நனைந்த மருந்தைக் குழலிலிருந்து அகற்றி, தம் தலைப்பாகையின் உள்துணியைக் கிழித்துக் குழலைத் துடைத்தனர். அவ்வாறு மூன்று நான்கு குண்டுகளே சுட முடிந்தது. வீழ்ந்த சிப்பாய் ஒருவரின் துப்பாக்கியைக் கைப்பற்றிய கிராமத்தார் ஒருவர், தம்மிடமிருந்த தீத்திரியால் அதை வெடிக்கச் செய்து ஓர் அதிகாரியைக் காயப்படுத்தினார் என்றும் எழுதி வைத்துள்ளனர். சக்கிமுக்கி கைவிட்ட இடத்தில் அதனினும் பழைய திரி கைகொடுத்தது!

காணாமற்போன கம்பெனியைத் தேடி, இருட்டில் இரண்டு கம்பெனிக் கடற்படை வீரர்கள் அனுப்பப்பட்டனர். அவர்கள் கையில் இருந்தவை செம்புத் தொப்பித் துப்பாக்கிகள். அதே மழையில் அவை வெடித்தன, கூட்டம் கலைந்தது, சிப்பாய்கள் மீட்கப்பட்டனர். ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர்.

தம் மண்ணைக் காக்க எழுந்த சான்யுவான்லி மக்களைச் சீனர் இன்றும் போற்றுகின்றனர். அதில் குறை காண நமக்கு இடமில்லை. நம் மனம் தங்குவது வேறோர் இடத்தில். பிறருடைய அபினிக்காகக் கடல் கடந்து சென்ற ஏழைச் சிப்பாய்க்கு, ஏழாண்டுகளுக்கு முன்பே பொய்க்கும் என்று எண்ணிக் காட்டப்பட்ட உறுப்பைக் கொடுத்தனுப்பியது யார்? உல்விச்சில் 922 என்பது தாளில் எழுதிய ஓர் எண். சான்யுவான்லி வயலில் அது அறுபது பேரின் உயிர்.

இதன் பின்னர் 1840களில் செம்புத் தொப்பி சிறிது சிறிதாகக் கம்பெனியின் இந்தியப் படைகளையும் வந்தடைந்தது. ஃபோர்சைத்துக்கு அரசு 1842இல் 200 பவுன் அளித்தது. மறு ஆண்டே அவர் காலமானார். எஞ்சியதென்று 1,000 பவுன் அவருடைய உறவினர்க்குப் பிறகு பகிர்ந்தளிக்கப்பட்டது. வயலில் வீழ்ந்த சிப்பாயின் குடும்பத்தார்க்கு என்ன கிடைத்ததென்று நாம் படித்த ஏடுகளில் ஒரு வரியும் இல்லை.