நெடுங்கடல் பாய்மரப் படகு: கனத்திலிருந்து வேகத்துக்கு

நெடுங்கடலில் வாரக்கணக்கில் தங்கக்கூடிய சிறு பாய்மரப் படகின் வடிவம் பெரிதும் நார்வேயின் கொலின் ஆர்ச்சரிடமிருந்து வந்தது. புயலில் சிக்கும் மீனவர்களுக்காக அவர் வடிவமைத்த மீட்புப் படகு 1893இல் கடலில் இறங்கியது. இருமுனையும் கூம்பிய கனத்த மரவுடல், அடியில் முன்னிருந்து பின்வரை நீளும் ஏராக்கட்டை, பின்முனையில் தொங்கும் சுக்கான் என்பவை அதன் அடையாளங்கள். எந்த வானிலையிலும் கடலில் நிற்பதே அதன் வேலை. அலையில் துள்ளாமல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

அமெரிக்கரான வில்லியம் அட்கின் 1920களில் இதை 32 அடிக்குச் சுருக்கி 'எரிக்' வரைபடத்தைத் தந்தார். அதன்படி பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டதுதான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி'. 1968-69இல் நடந்த கோல்டன் குளோப் போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில், எங்கும் கரை தொடாமல் தனியாக உலகைச் சுற்றி முடித்தவர் அவர் ஒருவரே. ஆனால் படகின் சராசரி வேகம் மணிக்கு நான்கு கடல் மைல் அளவுதான். அந்த வடிவத்தின் மீதான மோகம் 1970களில் உச்சத்துக்குப் போனது. கலிஃபோர்னியாவின் வெஸ்ட்செயில் 32, ஒன்பது டன் எடையுள்ள கண்ணாடியிழைப் படகு, 800க்கு மேல் கட்டப்பட்டது. மென்காற்றில் அது நகரத் தயங்கும்.

போட்டிப் படகுகளோ வேறு வழியில் போயின. நீரைக் கிழித்துப் போகும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் கனத்த படகின் வேக எல்லை மணிக்குச் சுமார் 6.7 கடல் மைல். எடை குறைந்த உடல், பின்காற்றில் அந்த அலையைத் தாண்டிச் சறுக்கும். பில் லாப்வொர்த்தின் கேல் 40 (1963) ஏராவைக் குட்டையாக்கி, சுக்கானைத் தனியே பிரித்தது. லாஸ் ஏஞ்சலிஸ்–ஹவாய் போட்டியில் 1965, 1967, 1969 மூன்று முறையும் வென்றது. ஆனால் தட்டையான முன்பகுதி எதிரலையில் அறையும். அந்தத் திடீர் அதிர்வுகள்தான் மாலுமியைச் சோர்வுறச் செய்பவை.

இந்த இரண்டையும் இணைத்தது ராபர்ட் பெர்ரி 1970களின் முற்பாதியில் வரைந்த வேலியண்ட் 40. பார்வைக்குப் பாட்டன், நீருக்கடியில் பேரன்: மேலே ஆர்ச்சரின் கூர்ந்த பின்முனை, கீழே குட்டை ஏரா. சொகுசைப் பயண நாட்களாலும் அளக்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது. 3,000 மைலை நாளுக்கு 120 வீதம் கடக்க 25 நாள். 150 வீதம் என்றால் 20 நாள். ஐந்து நாள் ஆட்டம் மிச்சம். அடுத்த புயலுக்கு முன்பே கரைசேரும் வாய்ப்பும் கூடுகிறது.

1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியின்போது வீசிய புயலில் 15 மாலுமிகள் இறந்தனர். கவிழ்ந்த படகுகளைப் பார்த்தபின், எடைக்கு மிஞ்சிய அகலம் ஆபத்து என்பது வடிவமைப்புக் கணக்கில் இடம்பெற்றது. ஆயினும் அகலம் குறையவில்லை. இன்றைய படகுகளில் பின்பக்கம் விரிந்து இரு படுக்கையறைகளுக்கு இடம் தருகிறது. இது நங்கூரமிட்ட நேரத்துச் சொகுசு. படகு சாயும்போது நடுச் சுக்கான் நீரைவிட்டு எழும்பிவிடுவதால், பலவற்றில் இரண்டு சுக்கான்கள் பொருத்த வேண்டியதாயிற்று.