ஏரி நிரம்பும்போது முதலில் நனைவது யார் வீடு?

ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் செய்திகளில் ஒரே வரி வருகிறது: "பூண்டி ஏரியிலிருந்து உபரிநீர் திறப்பு, கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை." இதில் வரும் 'கரையோர மக்கள்' யார்? அவர்கள் எப்படிக் கரையோரத்துக்கு வந்தார்கள்? தண்ணீரின் அளவைக் கன அடியில் துல்லியமாகச் சொல்லும் அரசு, இந்தக் கேள்விகளுக்கு ஒருநாளும் பதில் சொல்வதில்லை.

காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரைச் சுமந்து வரும் கொசஸ்தலையாறு, கேசவரம் அணைக்கட்டைத் தாண்டி, திருவாலங்காடு ஒன்றியத்தின் வழியாகப் பூண்டிக்குப் போகிறது. திருவாலங்காடு என்றதும் வரலாற்றாசிரியர்களுக்கு ராஜேந்திர சோழனின் செப்பேடு நினைவுக்கு வரும். பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் 31 ஏடுகள் அவை. யாருக்கு நிலம் போனது என்பது செம்பில் பதிவானது. நம் மக்களின் இடம் வேறு விதமாகப் பதிவானது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரியில்லா நிலங்களைக் கழித்துக் காட்டும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகக் குறிக்கின்றன. ஊரும் சேரியும் பிரிந்து கிடந்ததற்கு ஆயிரம் ஆண்டுச் சான்று அது.

ஊர் மேட்டில் இருக்கும். சேரி வயலை ஒட்டி, வாய்க்காலை ஒட்டி, கலங்கல் நீர் ஓடும் பள்ளத்தில் இருக்கும். இது தற்செயல் அல்ல. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இன்றைய திருவள்ளூர் இருந்தது. அதன் ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: குடிசை நிற்கும் மண்கூடப் பறையர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் மிராசுதார் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி பின்னர் யார் கைக்குப் போனது என்பது நாம் அறிந்ததே. மேட்டு நிலம் கிடைக்காதவன் பள்ளத்தில்தான் வீடு கட்டுவான்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களும், இரவில் மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளும், கரை உடையும்போது பறையடித்து ஊரை எழுப்பியவர்களும் பல ஊர்களில் நம் மக்களே. தண்டோரா போடும் வழக்கத்தை விட்டு ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். ஏரியைக் காத்தவனுக்கு ஏரி நீரைத் தொட உரிமையில்லை. அந்த உரிமைக்காகத்தான் 1927இல் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கினார். வெள்ளத்துக்கு மட்டும் தீட்டு கிடையாது. அது நேராகச் சேரிக்குள் வரும்.

1944இல் சென்னையின் தாகத்துக்காகப் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அதில் மூழ்கிய திருவெண்பாக்கத்தின் சிவன் கோயில் பூண்டியில் மீண்டும் எழுப்பப்பட்டது. சாமிக்கு மாற்றிடம் கிடைத்தது. நீர் சூழ்ந்த வயல்களில் கூலி வேலை பார்த்தவர்களின் கதையை எந்தத் தலபுராணமும் சொல்லாது.

பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஆந்திரப் பகுதியில் பெய்யும் மழையும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஏரி நிரம்பிவிட்டால் வருகிற நீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. 2021 நவம்பரில் 30 ஆயிரம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டபோது, கீழே மணலி புதுநகர் மூழ்கியது. ஆறு கடலில் சேரும் எண்ணூரில் கழிமுகத்தையே சாம்பலும் தொழிற்சாலைகளும் நெருக்கி வைத்திருக்கின்றன. வாய் அடைத்த ஆறு பின்னால் வீங்கத்தான் செய்யும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டது. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2018இல் பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது. ஆனால் தண்டனை அனுபவித்தவர்கள் யார்? அடையாறு, கூவம் கரைகளின் குடிசைவாசிகள். 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று பெயர் சூட்டி, பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய அந்த இடத்திலும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள்!

அதே சென்னையில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உருவாக்கியது அரசு. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. இவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. 2007இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் குடிசையைப் பார்க்கும் கண்ணோடு கட்டடங்களைப் பார்ப்பதில்லை.

ஏரிகளைக் காப்பாற்ற வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏரி அழிந்தால் முதலில் அழிவது நம் பிழைப்புதான். நாம் கேட்பது இவ்வளவே: நீர் திறக்கும் முன் சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் முதலில் தகவல் வர வேண்டும். கணக்கெடுக்கும்போது பெரிய ஆக்கிரமிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இடம் மாற்றுவதானால் அதே ஊரில், மேட்டில், பட்டாவோடு மாற்ற வேண்டும். மேட்டு நிலம் இல்லை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொன்னால், பஞ்சமி நிலப் பதிவேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், தோழர்களே. நிலம் அங்கே இருக்கிறது.