குற்றாலச் சீசன்: நீராடலும் கடைவீதியும்

தமிழகத்தின் சமவெளி வெயிலில் காயும் ஆனி, ஆடி மாதங்களில், தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து, தென்காசி வட்டாரத்தில் மெல்லிய தூறலாக இறங்குகிறது. சாரல் எனப்படும் இத்தூறலும், மலைக்காட்டு மழையால் சிற்றாற்றில் பெருகும் நீரும் சேர்ந்ததே குற்றாலச் சீசன். உறவினரோ தெருக்காரரோ கூட்டமாக வேன் பிடித்து விடியற்காலையில் வந்திறங்கி, அருவிகளில் குளித்து, சாமி கும்பிட்டு, கடைவீதியில் பழமும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு இரவோடு ஊர் திரும்பும் ஒருநாள் பயணம் இன்று இச்சீசனுக்கு உரிய வழக்கமாகிவிட்டது. இது சுற்றுலா யுகத்தின் புதுப் பழக்கம்போலத் தோன்றினாலும், அந்த ஒரு நாளுக்குள் அடங்கும் நீராடலும் வழிபாடும் கொள்முதலும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் தோன்றி, அருவிக்கரையில் ஒன்றுசேர்ந்தவை.

இவற்றுள் நீராடலும் வழிபாடும் மிகப் பழையவை. சங்கின் வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலை 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடியதோடு, அக்கோயிலின் தலமரமான குறும்பலாவுக்கும் தனிப் பதிகம் அருளினார். அருவியும் கோயிலும் அடுத்தடுத்து இருப்பதால் இங்குக் குளிப்பது தீர்த்தமாடலும் ஆயிற்று. பேரருவியில் இத்தனை பேர் அச்சமின்றி நிற்க முடிவதற்குப் பாறையின் அமைப்பே காரணம்: உயரத்திலிருந்து விழும் நீர் முதலில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து, அங்கே வேகம் அடங்கி, பொங்கி வழிந்த பின்னரே கீழே நிற்போர் தலையில் இறங்குகிறது. வெள்ளம் மிகும் நாள்களில் இக்குழியாலும் வேகத்தைத் தாங்க இயலாது என்பதால்தான் அப்போது குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது.

குற்றாலத்தின் புகழைத் தமிழுலகம் முழுவதும் கொண்டுசென்றவர் அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். தலைவனைக் கண்டு காதலுற்ற தலைவிக்குக் குறத்தி ஒருத்தி குறிசொல்லும் கதையமைப்புடைய சிற்றிலக்கியமே குறவஞ்சி. அவ்வகையில் தலைசிறந்த திருக்குற்றாலக் குறவஞ்சியை அவர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக வழங்கிய நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர்பெற்றது. வந்தவர் கண்ணில் படும் மலைவளத்தை வராதவரும் காணும்படி செய்த நூல் அது.

பயணக் கூட்டங்கள் தவறாமல் நிற்கும் மற்றோரிடம் தென்காசி காசி விசுவநாதர் கோயில். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த இக்கோயிலின் கல்வெட்டுப் பாடல்களில், கோயிலுக்குப் பின்னாளில் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்வோரைத் தான் பணிவதாக அம்மன்னன் சொல்லி வைத்திருப்பது, ஆட்சியாளர் எவரிடமும் அரிதாகக் காணும் பணிவு. அவன் அஞ்சியதுபோலவே கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்று, ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுப்பப்பட்டு, 1990இல் குடமுழுக்குக் கண்டது. அதன் வாசலைக் கடக்கும்போது எதிரே வந்து மோதும் காற்றை, சிற்பங்களைப் பார்க்க நேரமில்லாதவர்களும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கடைவீதியின் வரலாறு இவற்றைவிட இளையது. ஆனால் அது கடல் கடந்தது. ஜாதிக்காய் ஒரு காலத்தில் இன்றைய இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து மட்டுமே உலகச் சந்தைக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள், விதை வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று ஜாதிக்காயைச் சுண்ணாம்பில் தோய்த்து ஏற்றுமதி செய்தனர். 1796இல் அத்தீவுகள் ஆங்கிலேயர் கைக்கு மாறியதும், கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் தன் ஆட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுவந்து நட முனைந்தது. ஈரக்காற்றும் நிழலும் குறையாத குற்றாலம் அம்முயற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. தோட்டங்கள் பின்னர்க் கைமாறின; ஆயினும் வாசனைப் பயிர்கள் இம்மலைச்சாரலில் வேரூன்றிவிட்டன. இன்று கடையில் ஜாதிக்காயைப் பிளந்து காட்டினால், கரும்பழுப்பு விதையைச் செந்நிற வலையாக மூடியிருக்கும் ஜாதிபத்திரியைக் காணலாம். இரண்டு பேரரசுகள் போட்டியிட்ட சரக்கு அது. பக்கத்திலேயே குவிந்திருக்கும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியானும் அதே தென்கிழக்காசியப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பழங்கள்.

ஆங்கிலேய அதிகாரிகள் உடல்நலம் தேறுவதற்காக குற்றாலத்துக்கு வந்து தங்கியதும் கம்பெனி ஆட்சிக் காலத்தில்தான். 1904இல் கொல்லம்–செங்கோட்டை மீட்டர்கேஜ் ரயில்பாதை திறக்கப்பட்டபின் மலைக்கு இருபுறமிருந்தும் வருவது எளிதாயிற்று. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்த ஆண்டுகளில் ராஜாஜி, கல்கி போன்றோர் கவிதையும் விருந்தும் நாடி அவரிடம் வந்தனர். திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லை மேற்கே நகர்ந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் முதலிய மலையாள நாட்டுச் சுவைகள் மட்டும் கடைகளில் நிலைத்துவிட்டன. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பதே சீசன் என்றிருந்த வழக்கம், நீர் மாசுபடுவதால் உயர் நீதிமன்றம் எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்கு விதித்த தடையால் மாறியது; அருவியைக் காக்க அத்தடை தேவையானதே.

இவ்வளவு நிறைந்த ஒரு நாளில் பெரும்பாலான கூட்டங்கள் விட்டுவிடும் இடம் சித்திரசபை. நடராசர் ஆடியதாகக் கூறப்படும் ஐந்து சபைகளுள் ஒன்றான இங்கு இறைவன் உலோகத் திருமேனியாக அன்றி ஓவியமாகவே வழிபடப்படுகிறார். உட்சுவர்கள் முழுவதும் புராணக் காட்சிகள் வரையப்பட்டுள்ளன. பேரருவியிலிருந்து நடக்கும் தொலைவிலேயே அது இருக்கிறது. அடுத்த சீசனுக்கு வருவோர் கடைவீதிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரைமணியை அதற்குத் தர வேண்டும். சுவர்களைத் தொடாமல் பார்க்க வேண்டும்.