கடினக் கணக்குகளுக்கு விடை தேடும் 'பேஸ்' நிரலாக்கப் போட்டி: பெங்களூரு மாணவர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: ஒரு நிறுவனத்தின் தரவுத்தளத்தில் 1,000 வாடிக்கையாளர் பதிவுகள் உள்ளன. அவற்றுள் சில பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதிகபட்சம் 20 பதிவுகளை மட்டும் நீக்கி எல்லா முரண்பாடுகளையும் களைய முடியுமா? மென்பொருள் நகரமான பெங்களூருவில் எந்த அலுவலகத்திலும் எழக்கூடிய கேள்வி இது. ஆனால், 1,000 பதிவுகளில் 20-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 42 இலக்கங்கள் கொண்டது. அத்தனையையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினியாலும் இயலாது.

இத்தகைய கணக்குகளுக்கு நடைமுறையில் விடை காணும் நிரல்களை உருவாக்குவதற்காகவே 'பேஸ்' என்ற சர்வதேசப் போட்டி 2016 முதல் நடத்தப்பட்டு வருகிறது.

கோட்டுரு என்பது என்ன?

பதிவுகளைப் புள்ளிகளாகவும், முரண்பாடுகளை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வரைந்தால் கிடைப்பதே கோட்டுரு. ஒவ்வொரு கோட்டின் இரு முனைகளில் ஒன்றையாவது உள்ளடக்கிய மிகச் சிறிய புள்ளித் தொகுப்பைக் கண்டறிவது 'முனை மறைப்பு' கணக்கு எனப்படுகிறது. அமெரிக்கக் கணினி அறிஞர் ரிச்சர்ட் கார்ப் 1972-இல் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. இவற்றை எல்லா நேர்வுகளிலும் விரைவாகத் தீர்க்கும் படிமுறை இதுவரை கண்டறியப்படவில்லை.

இருப்பினும் ஒரு வழி உண்டு. முரண்படும் ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டால், அவ்விரண்டில் ஒன்று நீக்கப்பட்டே ஆக வேண்டும். எனவே ஒவ்வொரு படியிலும் இரண்டே வாய்ப்புகள். 20 படிகளில் அவை 10,48,576 ஆகின்றன. சாதாரண மடிக்கணினியே இதை எளிதில் முடித்துவிடும். கணக்கின் மொத்த அளவை விட்டு, விடையின் அளவு போன்ற ஒரு சிறிய எண்ணில் கடினத்தை அடக்குவதே இம்முறையின் சாரம். ராட் டவுனி, மைக்கேல் ஃபெலோஸ் ஆகியோர் 1990-களில் இதைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தனர்.

போட்டியின் விதிகள்

2016-இல் மர அகலம், 2018-இல் ஸ்டெய்னர் மரம், 2019-இல் முனை மறைப்பு, 2024-இல் கோடுகளின் குறுக்கீட்டைக் குறைத்தல், 2025-இல் ஆதிக்கத் தொகுப்பு எனக் கணக்குகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. துல்லிய விடைப் பிரிவில் ஒரு கோட்டுருவுக்கு 30 நிமிடங்கள் வழங்கப்படுவது வழக்கம். தவறான விடை தரும் நிரல் தகுதி இழக்கும். தோராய விடைப் பிரிவில் குறுகிய நேரத்தில் எவ்வளவு நல்ல விடை கிடைக்கிறது என்பதே அளவுகோல். நிரலின் மூலக் குறியீடு பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்.

இப்போட்டி கோட்பாட்டையும் வளர்த்துள்ளது. மர அகலக் கணக்கில் வெற்றி பெற்ற ஜப்பானின் ஹிசாவோ தமாகி வகுத்த புதிய முறை, 2017-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

தமிழ்நாட்டின் பங்கு

போட்டியின் முடிவுகள் 'ஐபெக்' எனும் ஆய்வு மாநாட்டில் அறிவிக்கப்படுகின்றன. அம்மாநாடு 2010 டிசம்பரில் சென்னையில் நடைபெற்றது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் வெங்கடேஷ் ராமன், சாகேத் சௌரப் ஆகியோர் அதன் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்கள். 2015-இல் எட்டு ஆசிரியர்கள் இணைந்து எழுதிய, இத்துறையின் முக்கியப் பாடநூலின் ஆசிரியர்களுள் சௌரப்பும் ஒருவர். 2021-ஆம் ஆண்டுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

முனை மறைப்புக் கணக்கில் 2006 முதல் நிலைத்திருந்த வேக வரம்பை, சென்னை ஐஐடி பேராசிரியர் என்.எஸ். நாராயணசாமியும் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஹாரிஸும் மேம்படுத்தினர். அவர்களது கட்டுரை 2024-இல் வெளியானது. அடுக்கின் அடிமானம் 1.2738-இலிருந்து 1.25284 ஆகக் குறைந்தது. மிகச் சிறிய மாற்றமாகத் தோன்றினாலும், விடையின் அளவு 100 எனில் தேவைப்படும் படிகளின் வரம்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

மாணவர்களுக்கு என்ன பயன்?

காகிதத்தில் வேகமான படிமுறை, கணினியில் அதே வேகத்தைக் காட்டும் என்ற உறுதி இல்லை. 2019-இல் முனை மறைப்புப் பிரிவில் வென்ற குழு ஒரே படிமுறையை நம்பவில்லை. கோட்டுருவை முதலில் சுருக்கி, பின்னர் பல உத்திகளை மாறி மாறிப் பயன்படுத்தியது. கோட்பாட்டை அறிந்தவரும் நேர்த்தியாக நிரல் எழுதுபவரும் ஒன்றிணைந்தால்தான் இது கைகூடும்.

இந்தியாவின் கணினிக் கோட்பாட்டு மாநாடான 'எஃப்எஸ்டிடிசிஎஸ்' 1981-இல் பெங்களூருவில்தான் தொடங்கியது. நாட்டின் பெரும் மென்பொருள் நிறுவனங்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் ஒரே நகரில் இருப்பது இங்குள்ள மாணவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. முந்தைய ஆண்டுகளின் கோட்டுருக்களும் வென்ற நிரல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், அடுத்த அறிவிப்புக்குக் காத்திராமல் இன்றே பயிற்சியைத் தொடங்கலாம்.