பெயர் நின்றது, ஆட்கள் பெயர்ந்தனர்: பயோவேர் ஸ்டூடியோவும் ரசிகர்களின் கவலையும்

கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எட்மன்டன் நகரில் 1995-ஆம் ஆண்டு மருத்துவர் மூவர் முன்னின்று தொடங்கிய பயோவேர் என்னும் கணினி விளையாட்டு ஸ்தாபனத்தைப் பற்றி, அதன் ரசிகர்கள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகவே ஒரு கவலையைச் சுமந்து வருகின்றனர். அனுபவமிக்க ஒருவர் அங்கிருந்து விலகினார் என்ற செய்தி வெளியாகுந்தோறும், இனி அது பழைய பயோவேர் ஆகாது என்ற முடிவுக்கு அவர்கள் வருவதும், அடுத்த விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே அதற்கு இரங்கற்பா பாடத் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டன. இக்கவலையைப் பேதைமை என்று தள்ளுவோர் உளர். தீர்க்கதரிசனம் என்று போற்றுவோரும் உளர். ரசிகர்கள் அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டு என்பதும், ஆனால் அக்காரணத்தை அவர்கள் தேடுமிடம் பெரும்பாலும் பிழையானது என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ரே மியூசிக்கா, கிரெக் ஸெஸ்சுக், அகஸ்டின் யிப் என்னும் அம்மூவரும் மருத்துவக் கல்விக்குரிய கணினி நிரல்களை எழுதிப் பழகியவர்கள். இவர்களுள் யிப் சில ஆண்டுகளில் மருத்துவத் தொழிலுக்கே திரும்பிவிட்டார். 1996-இல் வந்த ‘ஷாட்டர்ட் ஸ்டீல்’ அதிகம் பேசப்படவில்லை. 1998-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட்’ என்பதே, வீரன் ஒருவனாகத் தன்னைப் பாவித்து, துணைவர்களோடு உரையாடி, தன் தீர்மானங்களால் கதையை நடத்திச் செல்லும் வகையான விளையாட்டுக்குப் புத்துயிர் ஊட்டிய சிருஷ்டி. அதன்பின் 2003-இல் ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’, 2007-இல் ‘மாஸ் எஃபெக்ட்’, 2009-இல் ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்று வரிசையாகப் புகழ் வந்தது. 2007 அக்டோபரில், பயோவேரையும் பாண்டெமிக் என்னும் மற்றொரு ஸ்டூடியோவையும் ஒருங்கே உடைய நிறுவனத்தை ஏறக்குறைய 86 கோடி டாலர் விலைக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்குவதாக அறிவிப்பு வெளியாயிற்று. வாங்கிய இரண்டே ஆண்டுகளில், 2009-இல், பாண்டெமிக் மூடப்பட்டது.

இந்தக் கடைசிச் செய்தி இங்கு முக்கியம். வெஸ்ட்வுட், ஆரிஜின் முதலாய ஸ்டூடியோக்களை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் விலைக்கு வாங்கிப் பின்னர் மூடியதை விளையாட்டுப் பிரியர்கள் கண்டிருந்தனர். 2017 அக்டோபரில் அந்நிறுவனத்தின் விசெரல் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. ஆகவே ரசிகர்களின் அச்சம் வெறும் கற்பனையில் முளைத்ததன்று. பல திருஷ்டாந்தங்களைக் கண்டு ஊகித்தறிந்த அனுமானம் அது. அதற்குமேல் விலகல்களின் வரிசையும் நீண்டது. ஸ்தாபகர் இருவரும் 2012 செப்டம்பரில் ஓய்வு பெற்றனர். ஸெஸ்சுக் பியர் வடிக்கும் கலையில் ஈடுபட்டார் என்பது ரசிகர்கள் இன்றும் பாதி வேடிக்கையாகவும் பாதி வருத்தமாகவும் நினைவுகூரும் செய்தி. ‘மாஸ் எஃபெக்ட்’ முதல் மூன்று பாகங்களை இயக்கிய கேஸி ஹட்சன் 2014-இல் சென்றார். ‘டிராகன் ஏஜ்’ உலகத்தின் பிரதான எழுத்தாளராயிருந்த டேவிட் கெய்டர் 2016-இலும், அத்தொடரின் படைப்பு இயக்குநர் மைக் லெய்ட்லா 2017-இலும், ‘பால்டர்ஸ் கேட்’ காலம் முதல் உடனிருந்த ஜேம்ஸ் ஓலன் 2018-இலும் நீங்கினர்.

இனி, பெருமக்கள் நீங்கினமையால் படைப்புக் குன்றியது என்னும் கொள்கையைச் சோதிப்போம். ‘பால்டர்ஸ் கேட்’ உருவானபோது அதைச் செய்தவர்களுட் பலருக்கு அதற்கு முன் விளையாட்டு எதையும் வெளியிட்ட அனுபவமே இல்லை. அனுபவமின்மை ஒன்றே படைப்பைக் கெடுக்குமாயின் பயோவேர் என்னும் பெயரே நாம் அறியாததாயிருக்கும். மறுபுறம், ஹட்சன் 2017-இல் ஸ்டூடியோவின் தலைவராகவே திரும்பி வந்தார். ‘டிராகன் ஏஜ்’ தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர் மார்க் டாரா இறுதிக் கட்டத்தில் ‘ஆந்தம்’ விளையாட்டை முடித்துக் கொடுக்க அழைக்கப்பட்டார். பழைய கைகள் இவ்வளவு இருந்தும் 2019 பிப்ரவரியில் வந்த ‘ஆந்தம்’ ஸ்டூடியோவின் பெருந்தோல்விகளுள் ஒன்றாக முடிந்தது. அவ்விருவரும் 2020 டிசம்பரில் ஒரே நாளில் விடைபெற்றதாக அறிவிக்கப்பட்டபோது ரசிகர்கள் கலங்கினர். ஆனால் அவர்கள் இருந்தபோதே நேர்ந்த தோல்விக்கு அவர்களின் பிரிவைக் காரணமாக்க இயலாது. ஆக, பெருமக்கள் இருத்தலும் நீங்குதலும் ஒரு படைப்பின் தரத்தைத் தாமே நிர்ணயிப்பன அல்ல.

பெல்ஜியத்தின் கென்ட் நகரிலுள்ள லாரியன் ஸ்டூடியோ 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ இங்கு ஆராயத்தக்கது. பயோவேர் பிறப்பித்த பரம்பரையைப் பயோவேருக்கு வெளியிலுள்ளோர் தொடர்ந்து உலகப் புகழ் பெற்றனர் என்பதால், ஆட்களின் தொடர்ச்சி அவசியமன்று என்று வாதிக்கத் தோன்றும். ஆனால் சற்று நுணுகிப் பார்த்தால் உண்மை நேர்மாறாகத் தெரியும். லாரியனை 1996-இல் தொடங்கிய ஸ்வென் விங்கே இன்றும் அதன் தலைவர். 2014-லும் 2017-லும் வந்த ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ விளையாட்டுகள் இரண்டிலும் பழகிய அதே வகைக் கருவிகளையும் அதே வேலை முறையையும் வளர்த்தே அவர்கள் மூன்றாவது சிருஷ்டியைச் செய்தனர். பெயர் பயோவேரின் புகழிலிருந்து வந்தது. பழக்கமோ கென்ட் நகரில் இருந்தது. பழக்கம் பெயரைத் தாங்கிற்று.

இதனை விளக்கத் துணைசெய்யும் கருத்தொன்றை டென்மார்க் நாட்டுக் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் காணலாம். நிரல் என்பது எழுதிவைத்த வரிகள் அன்று, அவ்வரிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அறிந்தோர் உள்ளத்தில் வாழும் ஒரு கோட்பாடே நிரல் என்பது அவர் கொள்கை. அக்கோட்பாட்டை உடைய குழு கலையுமானால், நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் உயிரற்றதே. குறிப்பேடுகளைக் கொண்டு மட்டும் அதை மீட்பது ஏறக்குறைய இயலாது என்கிறார். இக்கருத்தை ஏற்றால், ஒரு ஸ்டூடியோவில் எத்தனை பேர் விலகினர் என்ற எண்ணிக்கை நமக்கு அதிகம் சொல்லாது. புரிதல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்ச் சேரும் வேகத்தைக் காட்டிலும் ஆட்கள் கலையும் வேகம் மிகுந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பயோவேரின் வரலாற்றில் இக்கேள்விக்கு விடை கிடைக்குமிடம் ஃப்ராஸ்ட்பைட் என்னும் எஞ்சின். விளையாட்டின் காட்சி, இயக்கம், ஒலி ஆகியவற்றைத் தாங்கும் அடிப்படை நிரல்தொகுதியையே எஞ்சின் என்பர். பயோவேர் தன் முதற் பதினைந்து ஆண்டுகளில் இன்ஃபினிட்டி, அரோரா, எக்லிப்ஸ் எனத் தானே எஞ்சின்களைக் கட்டியும், ‘மாஸ் எஃபெக்ட்’ தொடருக்கு அன்ரியல் எஞ்சினைக் கடன் கொண்டும் வேலை செய்தது. அதன்பின் தாய் நிறுவனத்தின் ஸ்டூடியோக்கள் பலவும் ஒரே எஞ்சினைக் கையாளத் தலைப்பட்டபோது பயோவேரும் அதன்பாற் சென்றது. ஃப்ராஸ்ட்பைட்டோ சுவீடனில் டைஸ் ஸ்டூடியோ ‘பேட்டில்ஃபீல்ட்’ போர் விளையாட்டுகளுக்காகச் செய்தது; துப்பாக்கி சுடவும் கட்டடம் இடிந்து விழவும் அதில் வேண்டிய வசதிகள் எல்லாம் உண்டு. துணைவர் கூட்டம், உரையாடல், வீரனின் உடைமைப் பை, நெடுங்கதையைச் சேமித்துத் தொடரும் வசதி ஆகிய, பயோவேரின் உயிர்நாடியான அம்சங்களுக்கு அதில் ஆயத்த ஏற்பாடு இல்லை. 2014-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ குழுவினர் இவற்றைப் பெரும்பாடுபட்டுத் தாமே கட்டினர்.

அவ்வாறு பெற்ற அனுபவம் அடுத்த படைப்புகளுக்கு முதலாகியிருக்க வேண்டும்; ஆகவில்லை. ‘மாஸ் எஃபெக்ட்: ஆந்த்ரொமிடா’ மான்ட்ரியாலிலிருந்த வேறொரு குழுவிடம் சென்றது, ‘ஆந்தம்’ குழுவும் தனி வழி தேடிற்று. ஜேசன் ஷ்ரையர் என்னும் பத்திரிகையாளர் 2019 ஏப்ரலில் ‘ஆந்தம்’ உருவான கதையை விரிவாக வெளியிட்டபோது தெரியவந்த செய்திகளுள், எனக்கு எல்லாவற்றினும் முக்கியமாகத் தோன்றுவது ஒன்று: ஃப்ராஸ்ட்பைட்டில் தேர்ந்த பொறியாளர் சிலர், அப்போது அதே எஞ்சினுக்கு மாறிக்கொண்டிருந்த ஃபிஃபா கால்பந்து விளையாட்டுக்கு உதவ மாற்றப்பட்டனர். இவர்கள் ராஜினாமாக் கடிதம் எழுதவில்லை; பிரிவு உபசாரம் நடக்கவில்லை; எந்த ரசிகரும் இவர்களுக்காகக் கண்ணீர் சிந்தவில்லை. ஆயினும் நௌரின் அளவுகோலால் அளந்தால், பெயர் பெற்ற இயக்குநர் ஒருவர் வாசலைக் கடந்ததைவிட, பெயரறியாத இப்பொறியாளர்கள் ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சென்றது பெரிய இழப்பு.

இதுபோன்றே ‘டிராகன் ஏஜ்’ நான்காம் பாகத்தின் கதையும். ‘ஜாப்லின்’ என்ற மறைபெயரில் லெய்ட்லா வழிநடத்திய முதல் வடிவம் 2017-இல் கைவிடப்பட்டது. அக்குழுவினர் பெரும்பாலோர் ‘ஆந்தம்’ வேலைக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டாக அது மறுபடி தொடங்கப்பட்டு, அதுவும் மாற்றப்பட்டு, தனியொருவர் ஆடும் விளையாட்டாகவே 2024 அக்டோபர் 31-இல் ‘தி வெய்ல்கார்ட்’ என்று வெளியாயிற்று. ‘ஜாப்லின்’ நிறுத்தப்பட்ட 2017 அக்டோபரிலேயே லெய்ட்லாவின் விலகலும் அறிவிக்கப்பட்டதை நோக்குமிடத்து, விலகலைக் காரணமாகவும் வீழ்ச்சியைக் காரியமாகவும் கொள்ளும் ரசிகரின் தர்க்கம் தலைகீழாக நிற்கிறது என்றே தோன்றுகிறது. நிர்வாகத்தின் தீர்மானம் முந்திற்று. ஆள் பெயர்தல் பிந்திற்று. கடைசி மாதங்களில் எப்படியும் எல்லாம் கூடிவரும் என்ற நம்பிக்கையை ‘பயோவேர் மாயம்’ என்று ஸ்டூடியோவுக்குள்ளேயே பெயரிட்டு அழைத்தனர் என்பதும், அம்மாயத்தின் விலை ஊழியர்களின் உடல்நலமும் மனநலமுமே என்பதும் ஷ்ரையரின் கட்டுரையால் வெளிப்பட்டன. மருத்துவர்கள் தொடங்கிய ஸ்தாபனத்தில் மன அழுத்தத்தால் மருத்துவ விடுப்பு எடுத்தோர் பலர் என்பது கசப்பான முரண்.

ரசிகர்கள் பெயர்களையே பற்றி நிற்பதன் தீங்குக்கும் சான்றுண்டு. 2017 மார்ச்சில் ‘ஆந்த்ரொமிடா’வின் முக அசைவுகள் நகைப்புக்கிடமானபோது, அவ்வேலைக்குத் தலைமை வகித்தவர் என்று தவறாகக் கருதப்பட்ட முன்னாள் ஊழியர் ஒருவரைச் சிலர் இணையத்தில் வசைமாரி பொழிந்து வதைத்தனர், அதைக் கண்டித்து ஸ்டூடியோவே அறிக்கை வெளியிட நேர்ந்தது. படைப்பின் குறையைத் தனியொருவர் பெயரில் ஏற்றும் மனப்பான்மை, தனியொருவர் பெயரில் அதன் நிறைவை ஏற்றும் மனப்பான்மையின் மறுபக்கமே.

எனினும் பெயர்களை விட்டுப் படைப்பையே நோக்கும்போது இதே ரசிகர்களின் தீர்ப்பு மிகவும் நுட்பமானது. ‘டிராகன் ஏஜ்’ முதற்பாகத்தில் எந்த அரசனை அரியணை ஏற்றினோம், இரண்டாம் பாகத்தில் எந்த நண்பனை மன்னித்தோம் என்பனவற்றைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் பிசகாமல் சொல்லவல்லவர்கள் அவர்கள். அத்தீர்மானங்களைப் பதிந்துவைத்து ‘இன்குவிசிஷ’னுக்குள் கொண்டுசெல்வதற்கென்றே 2014-இல் ‘டிராகன் ஏஜ் கீப்’ என்னும் ஏற்பாட்டைப் பயோவேர் செய்தது. ‘வெய்ல்கார்ட்’ முந்தைய பாகங்களின் தீர்மானங்களுள் மூன்றை மாத்திரமே ஏற்றது. ஞாபகம் அறுந்த இடத்தை ரசிகர்கள் உடனே கண்டுகொண்டனர். யார் விலகினார் என்ற பட்டியல் கையில் இல்லாவிடினும் கண்டிருப்பர். பணியாளர் மாறிக்கொண்டேயிருக்கும் ஸ்தாபனத்தில் நீண்டகாலம் நிலைத்துத் தங்கியவர்கள் வாசலுக்கு வெளியே நின்ற ரசிகர்கள்தாம் என்று கூறினும் தவறாகாது. அவர்களுக்கு ஊதியமும் இல்லை, உரிமையும் இல்லை.

2023 ஆகஸ்டில், ‘பால்டர்ஸ் கேட் 3’ கொண்டாடப்பட்ட அதே மாதத்தில், பயோவேர் ஏறத்தாழ 50 பேரை வேலையிலிருந்து நீக்கியது. வாரிக் என்னும் பாத்திரத்தைப் படைத்து வளர்த்த எழுத்தாளரும், ‘பால்டர்ஸ் கேட்’ முதற்கொண்டு எழுதிய மற்றொருவரும் அவர்களுள் அடங்குவர். வாரிக் முக்கிய இடம் பெறும் ‘வெய்ல்கார்ட்’ வெளிவர அப்போது இன்னும் ஓராண்டுக்கு மேலிருந்தது. அவ்வாறு நீக்கப்பட்டோருள் எழுவர், தமக்குரிய இழப்பீடு போதாதென்று ஸ்டூடியோவின் மேல் வழக்குத் தொடுத்தனர். ‘வெய்ல்கார்ட்’ பற்றிய அபிப்பிராயங்கள் கதையளவில் பலவாறாயினும், அதன் தொழில்நுட்பச் செப்பம் விமரிசகர்களால் பரவலாகப் பாராட்டப்பட்டது. பத்தாண்டு போராடி ஃப்ராஸ்ட்பைட்டை வசப்படுத்திய குழு ஒன்று அங்கு ஒருவாறு உருவாகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அவ்விளையாட்டு 15 இலட்சம் பேரையே எட்டிற்று என்றும், அது எதிர்பார்த்ததில் ஏறக்குறையப் பாதியே என்றும் 2025 ஜனவரியில் தாய் நிறுவனம் அறிவித்தது. அம்மாத இறுதியிலேயே அக்குழு கலைக்கப்பட்டது. சிலர் அந்நிறுவனத்தின் வேறு ஸ்டூடியோக்களுக்கு மாற்றப்பட்டனர், சிலர் நீக்கப்பட்டனர், எஞ்சியோர் நூற்றுக்கும் குறைவு என்று புளூம்பர்க் செய்தி கூறிற்று.

அடுத்த ‘மாஸ் எஃபெக்ட்’ இன்னும் தொடக்கக் கட்டத்தில் இருப்பதால் ஸ்டூடியோ முழுவதன் உழைப்பும் இப்போது வேண்டியதில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். கணக்குப் புத்தகத்தின்படி இதில் பிழையில்லை. ஆனால் தாமதமான மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே காட்டியதை அக்கணக்குப் புத்தகம் அறியாது. புதியவருக்குப் பழையவர் கற்பிக்க வேண்டிய காலமே அதற்குப் பிரதான காரணம் என்பதையும் அறியாது. புதிய விளையாட்டு ஃப்ராஸ்ட்பைட்டில் அன்றி அன்ரியல் எஞ்சினில் உருவாகிறது. ஆகவே பெரும்பாடுபட்டு ஈட்டிய புரிதலில் ஒரு பகுதி மீண்டும் பயனற்றதாகிறது. 2025 செப்டம்பரில், சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதி உள்ளிட்டோர் தாய் நிறுவனத்தையே 5,500 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டதும், அதில் ஏறத்தாழ 2,000 கோடி கடனாகத் திரட்டப்படும் என்பதும் அறிவிக்கப்பட்டபோது, ரசிகர்கள் புதிய உரிமையாளர் யார் என்பதையே பேசினர். முதல் மூன்று ‘மாஸ் எஃபெக்ட்’ பாகங்களில் உழைத்தோர் சிலர் இன்னும் எட்மன்டனில் இருக்கின்றனர். முழு உற்பத்தி தொடங்கும்போது வந்து சேரவேண்டிய நூற்றுக்கணக்கானோருக்கு, அந்த உலகம் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு இச்சிலர்மேல் விழும். அதற்கு எத்தனை மாதங்கள் ஒதுக்கப்படும் என்பதை எந்த நிதியறிக்கையும் தெரிவிப்பதில்லை. ரசிகர்கள் கேட்க வேண்டியது அதையே.